சீன ரயிலுக்கு ஒஸ்லோவில் வழிகாட்டி

கண்காட்சியில் வழிகாட்டி வேலை என்பது, நாங்கள் சொல்வதைக் கேட்க வந்தவர்களை நிற்கவைத்து, அவர்கள் சொல்வதை நாங்கள் கேட்கிற வேலை. கடைக் கவுண்டரிலோ வைத்தியசாலை வரவேற்பிலோ பள்ளிக்கூட அலுவலகத்திலோ பொதுமக்களுக்கு முகம் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. மன்னராட்சியின் கடைசிக் காலத்தில் சீனாவில் வெளிநாட்டார் பணத்தில் போடப்பட்ட ரயில் பாதைகளைப் பற்றி அங்கே ஒரு கண்காட்சி. பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு செய்ததும் அதைத்தான். பெல்ஜியம், பிரான்ஸ், பிரித்தானியா, ஜெர்மனி, ரஷ்யா என்று ஆளுக்கொரு பக்கம் பணத்தைப் போட்டு, தங்கள் பொறியாளர்களை அனுப்பி, தங்கள் இயந்திரங்களையே விற்று, வண்டி ஓடத் தொடங்கிய பிறகு நிர்வாகத்தையும் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். இந்தக் கதையைச் சுவர் நிறையப் படங்களாகவும் நடுவில் ஒரு மாதிரி இயந்திரமாகவும் வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி நோர்வேயில் நின்றுகொண்டு சீன ரயிலை விளக்கினால் சனம் என்ன சொல்லும்? சொன்னவற்றில் சில இங்கே.

மண்டபத்தில் ஒரு விசாரணை

வேலை கிடைத்த வாரத்திலேயே ஒரு கலியாணம். அம்மா என்னைத் தன் சிநேகிதிகள் இருந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மேசையில் ஒருவருடைய மகள் பல் வைத்தியர், இன்னொருவருடைய மகன் எண்ணெய்க் கம்பனியில் பொறியாளர். "உங்கட மகள்?" என்று கேட்டபோது அம்மா ஒரு வாய் சோறு மென்று விழுங்கும் வரைக்கும் யோசித்தார். பிறகு, "ரயில் சம்பந்தமா" என்றார்.

நான் விளக்கினேன். சீனா, கடன், ஒப்பந்தம், நூறு வருசத்துக்கு முந்தைய காலம். தலைகள் ஆடின. நல்லாக விளங்கிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கடைசியில் எதிரே இருந்த அன்ரி, தினமும் லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் வேலைக்கு வருகிறவர், என் கையைப் பிடித்துக் கேட்டார்:

"அப்ப பிள்ளை, லில்லெஸ்ட்ரோம் ரயில் ஏன் ஒவ்வொரு நாளும் பிந்துதெண்டு உமக்குத் தெரியும்தானே?"

முதல் குழு

முதன்முதலில் என்னிடம் வந்தவர்கள் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோரும் எழுபது தாண்டியவர்கள், சிலர் பழைய சீருடைத் தொப்பியோடு வந்திருந்தார்கள். நான் முந்தின நாள் முழுவதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று கடன் ஒப்பந்தங்களைப் பற்றிக் கதைத்துப் பழகியிருந்தேன். வடக்கே ரஷ்யர்கள் அகலப் பாதை போட்டதையும், தெற்கே பிரெஞ்சுக்காரர் ஒடுக்கப் பாதை போட்டதையும், ஒரே நாட்டுக்குள் சாமான்களை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்ததையும் சொல்லிக்கொண்டே போனேன். பாதை அகலம் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். கடன் என்றதும் திரும்பவும் சாய்ந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் ஒருவர் குறட்டையே விடத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். அசையவில்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல், காட்சிக்கு வைத்திருந்த ஸ்டேசன் மணியை மெல்லத் தட்டினேன். மனிதர் துள்ளி எழும்பி, தொப்பியைச் சரிசெய்து, எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் தூங்கவில்லை. நல்ல ரயிலில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம்."

பேரரசியின் பூந்தோட்ட ரயில்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் நான் கடனை விட்டுவிட்டுப் பேரரசியைப் பிடித்துக்கொள்வேன். அரண்மனைத் தோட்டத்துக்குள் பேரரசிக்கென்று ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, பட்டுத் திரை போட்டவை. ஆனால் இயந்திரத்தின் சத்தமும் புகையும் அரண்மனைக்கு ஆகாது என்று, இயந்திரத்தைக் கழற்றிவிட்டுச் சேவகர்களைக் கயிறு பிடித்து இழுக்கவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியர், "இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டார். வெளியே போகும்போது ஒரு தமிழ்ப்பிள்ளை, எட்டு ஒன்பது வயதிருக்கும், வரிசையை விட்டு என்னிடம் ஓடிவந்து தமிழில் குசுகுசுத்தாள்:

"அன்ரி, எங்கட வீட்டையும் அப்படித்தான். அப்பா கோப்பை கழுவ ஒப்வாஸ்க்மெஷின் வாங்கினவர், ஆனா சத்தம் போடுதெண்டு எல்லாத்தையும் அம்மாதான் கழுவுறா."

மழைக்கு ஒதுங்கியவர்கள்

மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழில் விளக்கம் சொல்லலாம் என்று எங்கள் இயக்குநர் ரூனே அனுமதி தந்திருந்தார். முதல் தமிழ் ஞாயிறு நல்ல மழை. நனைந்த குடையோடு ஓர் இளம் தம்பதி உள்ளே வந்தார்கள். கணவர் கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலைக்காக ஒஸ்லோ வந்து சில மாதம்தான் ஆகிறதாம். நான் ஐந்து நிமிசம் விளக்கிய பிறகு அவர் மிகுந்த மரியாதையோடு, "மேடம், நீங்க சிலோன் தமிழா? கேக்க ரொம்ப நல்லாருக்கு. ஆனா பாதிதான் புரியுது," என்றார். நான் என் தமிழைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். அவர் தன் இங்கிலிஷைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நடுவழியில் சந்தித்தோம்.

கடன் கொடுத்தவர்களே தலைமைப் பொறியாளரையும் அனுப்பினார்கள், தண்டவாளமும் இயந்திரமும் அவர்கள் நாட்டுத் தொழிற்சாலையில்தான் வாங்கவேண்டும், கணக்கும் அவர்கள் ஆள்தான் பார்ப்பார், கடன் தீரும் வரைக்கும் இதுதான் ஏற்பாடு என்று சொன்னேன். மனைவி அதுவரை ஈரச் சால்வையைப் பிழிந்துகொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார்: "அப்போ ஆளு அவங்களுது, மெஷின் அவங்களுது, மேனேஜ்மென்ட்டும் அவங்களுது. சைனாக்காரங்களுதுன்னு என்னதாங்க இருந்துச்சு?" நான் பதில் தேடுவதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"ரிஸ்க்கு."

கழற்றப்பட்ட பாதை

அடுத்த தமிழ் ஞாயிறு ஒரு நோர்வேஜியத் தம்பதி தவறுதலாக அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டார்கள். போகவும் மனமில்லாமல் கூடவே நடந்தார்கள். குழுவில் குணம் அண்ணையும் மனைவியும் இருந்தார்கள். குணம் அண்ணை யாழ்ப்பாணத்து மல்லாகத்துக்காரர், போர்க் காலத்தில் ஊரில் இருந்தவர், ஒஸ்லோவில் ஒரு பேக்கரியில் வேலை. நான் சீனாவின் முதல் பாதையைக் காட்டினேன். ஷங்காயில் வெளிநாட்டு வியாபாரிகள் சாதாரணத் தெருப் போடுகிறோம் என்று சொல்லி நிலத்தை வாங்கி, சத்தம் போடாமல் தண்டவாளத்தைப் போட்டு ரயிலை ஓட்டிவிட்டார்கள். ஒருவர் அடிபட்டுச் செத்தார். சீன அதிகாரிகள் அந்தப் பாதையை விலை கொடுத்து வாங்கி, ஒரு துண்டு மிச்சமில்லாமல் கழற்றினார்கள். கழற்றிய தண்டவாளம் தாய்வானில் கிடந்து துருப்பிடித்தது.

இந்த இடத்தில் வழக்கமாக ஆட்கள் சிரிப்பார்கள். குணம் அண்ணை சிரிக்கவில்லை. "கழட்டினதை ஒண்டுக்கும் பாவிக்கேல்லையோ? பங்கருக்குக்கூட?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "எங்கட காங்கேசன்துறைக் கோச்சிப் பாதையில தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குள்ள போட்டுது. நானே தூக்கினனான்," என்றார். குரலில் கோபமில்லை. மனைவி அவருடைய முதுகில் கையை வைத்தார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அந்த நோர்வேஜியப் பெண் என்னிடம் கேட்டார். குண்டு விழும்போது சனம் ஒளிப்பதற்கு நிலத்தில் வெட்டும் குழி, அதற்கு மேல் தாங்கலாக ரயில் தண்டவாளம் என்று மொழிபெயர்த்தேன். குணம் அண்ணை படத்துக்குக் கீழே இருந்த விளக்கத்தை விரலால் தொட்டுக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, இவை கழட்டினதுக்கு ஒரு போர்டாவது எழுதி மாட்டியிருக்கு. எங்கடைக்கு அதுவும் இல்லை."

பாலத்துப் படம்

எங்கள் கண்காட்சிக்கு நடுநாயகமாக ஒரு பெரிய படம் இருந்தது. பெக்கிங்கிலிருந்து தெற்கே ஹாங்கோவுக்குப் பெல்ஜியக் கடனில் போட்ட பாதை, அதில் ஓர் ஆற்றுப் பாலம். பாலத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட நான்கு ஐரோப்பியர்கள். அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, கூடையும் கயிறும் வைத்திருக்கிற சீனத் தொழிலாளர்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளைத் தொப்பிகளில் ஒருவர் நோர்வேஜியர். அவருடைய மகள் ஹெல்கா, எண்பதை நெருங்கியவர், அந்தப் படத்தை எங்களுக்கு இரவலாகத் தந்திருந்தார். கீழே "பாலத்தைக் கட்டிய பொறியாளர்கள்" என்று எழுதியிருந்தோம். அவரே பார்த்துச் சம்மதித்த வாசகம்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சீனர் வந்து அந்தப் படத்துக்கு முன்னால் மட்டும் நிற்பார். பெயர் லியூ, ஒஸ்லோவில் பல் வைத்தியர், அந்தப் பாதை போகிற மாகாணத்தில் பிறந்தவர். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ நானே போய் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். தன்னுடைய பூட்டன் அந்த ஆற்றுப் பக்கம் கல் சுமந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள் என்றார். பிறகு, பேஷன்டிடம் நோகுமா என்று கேட்கிற அதே மென்மையான குரலில் கேட்டார்:

"பின்னால் நிற்பவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?"

டெலிபோன்

நான் ரூனேயிடம் போனேன். பின்னால் நிற்கிற தொழிலாளர்களையும் சேர்த்து வாசகத்தை மாற்றவேண்டும் என்றேன். "அது ஹெல்காவின் படம், அவர் சம்மதித்த வாசகம். மாற்றுவதென்றால் அவரிடம் நீயே கேள்," என்றார். கேட்டேன். என்ன துணிவில் டெலிபோனிலேயே கேட்டேனோ தெரியாது. முழுவதும் கேட்ட பிறகு ஹெல்கா பேசினார். தன் அப்பா அங்கே காய்ச்சலில் சாகக் கிடந்தவர், ஒரு காது கேட்காமல் திரும்பி வந்தவர், அவர் கட்டவில்லையென்றால் யார் கட்டினார்கள் என்று கேட்டார். படத்தை எடுத்துப் போக வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ரூனே கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அந்தப் படம் போனால் நடுச்சுவர் வெறும் சுவர், கண்காட்சியை நேரத்தோடு மூடவேண்டி வரும், என் வேலை கண்காட்சியோடு கட்டப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தக் கிழமை முழுக்க நான் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் படம் இருக்கிறதா என்று பார்த்தேன். கேள்வி சரியானது என்று நினைத்தேன், கேட்ட விதம் சரியா என்று தெரியவில்லை. நேரிலே போய்க் கேட்டிருக்கலாம். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ரூனே கோப்பியோடு வந்து என் மேசையில் உட்கார்ந்தார். நான் பயந்துபோனேன். அவர் சொன்னது இதுதான்:

"நானும் இருபது தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று நீ சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது."

ஞாயிற்றுக்கிழமை

ஹெல்கா ஞாயிறு வந்தார். படத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு கம்பளமும் கொண்டு வந்திருந்தார். லியூ வழக்கம்போல அங்கே நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். அறிமுகம் செய்து வைக்காமல் விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பூட்டன் கதையையும் சொல்லிச் செய்து வைத்தேன். ஹெல்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் பூட்டன் யார்?" என்று நேரடியாகக் கேட்டார். "தெரியாது. அவர் இந்தப் படத்தில் இருக்கிறாரோ என்றும் தெரியாது," என்றார் லியூ. "ஆனால் யாரோ ஒருவருடைய பூட்டன் இருக்கிறார்." பிறகு அவர், "இதில் உங்கள் அப்பா எவர்?" என்று கேட்டார். ஹெல்கா காட்டினார். லியூ குனிந்து, அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். "மெலிந்திருக்கிறார்," என்றார்.

"காய்ச்சல்," என்றார் ஹெல்கா. அதன் பிறகு அவருடைய குரல் இறங்கிவிட்டது. நான் கதிரை கொண்டு வந்து போட்டேன். அப்பா எந்த ஆற்றங்கரையில் தங்கியிருந்தார், குளிர்காலத்தில் அங்கே ஆறு உறையுமா, அந்தப் பாலம் இன்னும் இருக்கிறதா என்று ஹெல்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய பாலத்தில் இப்போது ரயில் போவதில்லை, பக்கத்தில் புதியது கட்டிவிட்டார்கள் என்றார் லியூ. கம்பளம் ஹெல்காவின் மடியிலேயே கிடந்தது. எழும்பும்போது அவர் என்னிடம், வாசகத்தில் "தொழிலாளர்களும், அவர்களுடைய பெயர்கள் எங்களுக்குத் தெரியவில்லை" என்று சேர்க்கச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பாலத்தைப் பற்றிக் கதைக்கும்போது அப்பா ஒருநாளும் 'நான்' என்று சொன்னதில்லை, 'நாங்கள்' என்றுதான் சொல்வார். சின்ன வயதில் அது அப்பாவும் அம்மாவும் என்று நினைத்திருந்தேன்."

லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒருவர்

எங்கள் வீடு ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில்தான், ஆனாலும் அப்பா அதுவரை கண்காட்சிக்கு வரவே இல்லை. நான் கணக்கியல் படிக்கவில்லை என்கிற மனக்குறை அவருக்கு. ஒரு சனிக்கிழமை, நோர்வேஜியக் குழு ஒன்றுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் அவருடைய சாம்பல் ஜாக்கெட்டைக் கண்டேன். சிச்சுவான் மாகாணத்துக் கதையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே சனம் தங்கள் சொந்த முதலில் தங்கள் ரயிலைப் போடுவதென்று கம்பனி ஆரம்பித்திருந்தார்கள், ஏழை விவசாயிகளும் பங்கு கட்டினார்கள். அரசாங்கம் அந்தத் திட்டத்தைப் பிடுங்கி, வெளிநாட்டு வங்கிக் கடனில் தானே போடப்போகிறேன் என்றது. கடைகள் மூடின. சனம் தெருவுக்கு வந்தது. அடக்குவதற்கு வேறு மாகாணத்துப் படையை அனுப்பினார்கள். படை கிளம்பிய மாகாணம் காவலில்லாமல் வெறுமையாக, அங்கே புரட்சி வெடித்தது. சில மாதங்களில் மன்னராட்சியே முடிந்துபோனது.

கேள்வி உண்டா என்று கேட்டேன். அப்பா கை உயர்த்தினார். தான் வேலை செய்கிற தபால் பிரிக்கும் இடத்தில் பழகிய நோர்வேஜியனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "அந்தச் சனத்துக்குப் பிறகு ரயில் கிடைத்ததா?" என்று கேட்டார். கிடைத்தது, நாற்பது வருசத்துக்குப் பிறகு என்றேன். குழுவில் இருந்த சிலர் திரும்பி அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோரும் போன பிறகு, ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துக்கொண்டு அப்பா சொன்னார்:

"இவ்வளவு நாளும் மகள் ரயில் படிச்சவள் எண்டெல்லோ எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இது சனத்தைப் பற்றின படிப்பு."

ரயில் இல்லாத ஊரில்

ஒஸ்லோவில் முடிந்ததும் கண்காட்சி வெளியூர்களுக்குப் போகத் தொடங்கியது. கூடப் போனால் இன்னும் கொஞ்சக் காலம் சம்பளம் உண்டு என்றார் ரூனே. முதல் ஊர் ஹம்மர்பெஸ்ட். நாட்டின் வட உச்சி. அங்கே ரயிலே இல்லை, அந்த மாவட்டம் முழுக்கவே இல்லை. ரயில் கண்காட்சியை லொறியில் ஏற்றி, ரயில் இல்லாத ஊருக்கு அனுப்புகிற யோசனை யாருடையது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் சனம் வந்தது. ஒஸ்லோவைவிட அதிகமாக வந்தது. அந்த நாட்களில் ஊருக்குப் பக்கத்தில் பெரிய எரிவாயு ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள், தெருவெல்லாம் வெளிநாட்டு வேலையாட்கள். பணம் யாருடையது, வேலை யாருக்கு, கடைசியில் ஊருக்கு என்ன மிஞ்சும் என்கிற பேச்சு ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நான் சீனா என்று தொடங்கினால் அவர்கள் ஆலை என்று முடித்தார்கள்.

ஒரு மீனவர், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்தோடு வந்தவர், எல்லா விளக்கங்களையும் ஒன்று விடாமல் வாசித்தார். பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் பேரரசியையும் பார்த்து முடித்து, மாதிரி இயந்திரத்தைச் சுற்றி வந்தார். கதவடிக்குப் போனவர் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

"எங்களுக்கும் ரயில் வரும் என்று என் அப்பா காலத்திலிருந்து சொல்கிறார்கள். சீனாக்காரரிடம் இப்போது பணம் இருக்கிறதாமே, கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்."

இத்தனை பேருக்கு இத்தனை நாள் சீனாவை விளக்கிய நான் இன்றைக்கு வரைக்கும் சீனாவுக்குப் போனதில்லை, நல்லகாலம் ஒருவரும் அதைக் கேட்கவுமில்லை.